வாசகர் கேள்விகள்: ஸ்கூட்டர் புகை

கேள்வி: என் 110 சிசி ஸ்கூட்டரில் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறது. அதைக் கழற்றி அடைத்துவிட்டால் பிக்கப் கூடும், சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கும் சத்தமும் நிற்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்தக் குழாய் வழியாகப் போகும் காற்று சிலிண்டருக்குள் நுழைவதே இல்லை. புகை வெளியேறும் வாசலில், எக்ஸாஸ்ட் வால்வுக்கு அடுத்தாற்போல்தான் அது சேர்கிறது. அதனால் அதை அடைப்பதால் பிக்கப் கூட வழியில்லை.

இன்ஜினிலிருந்து எரியாமல் தப்பிவரும் பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அந்த இடத்தில் இன்னும் கடும் சூட்டில் இருக்கும். அங்கே கொஞ்சம் புதுக் காற்று கிடைத்தால் ஒரு பகுதி அங்கேயே எரிந்து, நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். மிச்சத்தைச் சைலன்சருக்குள் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் எரிக்கும். அதற்கும் இதே காற்றுதான் தேவை. காற்றைத் தள்ள மோட்டார் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை புகை வெளியே பாய்ந்ததும் குழாய்க்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் உறிஞ்சல் உண்டாகிறது. அப்போது, காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் ரீட் வால்வின் மெல்லிய எஃகுத் தகடு திறந்து காற்றை விடுகிறது. அடுத்த புகை வரும்போது தானே மூடிக்கொள்கிறது.

வெடிச்சத்தத்துக்கு வருவோம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது எரியாத பெட்ரோல் அதிகமாக வெளியேறும். அந்த நேரத்தில் காற்றும் சேர்ந்தால் சைலன்சருக்குள் வெடிக்கும். அதைத் தடுக்கவே பல வண்டிகளில் ஒரு கட்-ஆஃப் வால்வு வைத்திருக்கிறார்கள். இன்டேக் பக்கத்து வேக்கம் (உறிஞ்சல்) அதை இழுத்து மூடும். வேக்கம் குழாய் வெடித்திருந்தாலோ உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தாலோ வால்வு மூடாது. சைலன்சர் கேஸ்கெட் கசிந்தாலும், கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் இதே சத்தம் வரும். சரிசெய்ய வேண்டியவை இவைதான்.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடான பின் ஐடிலில் ஓடவிட்டு, குழாயை ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் கழற்றி, முனையில் விரலை வையுங்கள். விட்டுவிட்டு லேசாக இழுக்க வேண்டும். கட்-ஆஃப் உள்ள வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சட்டென்று விட்டால் அந்த இழுப்பு சற்று நிற்க வேண்டும். இழுப்புக்குப் பதில் சூடான புகை விரலில் அடித்தால் ரீட் தகட்டில் கரி ஒட்டியிருக்கிறது. வால்வைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் துடையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தகட்டை நெம்பக் கூடாது. அது வளைந்தால் பிறகு உட்காராது. தகடு விளிம்பு உடைந்திருந்தாலோ வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிந்தாலோ வால்வை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, கார்புரேட்டர் கலவையைப் புகை மீட்டர் வைத்துச் சரிசெய்யும்போது மட்டும் இந்தக் குழாயைக் கிளிப் போட்டு நெரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதுக் காற்று கலந்து மீட்டர் குறைவாகக் காட்டும். கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருப்பது தெரியாமலே போகும். வேலை முடிந்ததும் கிளிப்பை எடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி. ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஆனாலும் பெட்ரோல் நெடி போகவில்லை. பிளக் கருப்பாக இருக்கிறது.

பதில்: முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டர் என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் புதிது போடுங்கள். அது நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஆட்டோ சோக். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் மெழுகை மின்சாரம் சூடாக்க, மெழுகு விரிந்து ஊசியைத் தள்ளி அந்த வழியைச் சில நிமிடங்களில் மூட வேண்டும். கழற்றி, ஊசி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்துகொண்டு, 12 வோல்ட் பேட்டரியில் ஐந்து நிமிடம் இணையுங்கள். உடல் சூடேறி ஊசி சில மில்லிமீட்டராவது நீள வேண்டும். சூடேறவே இல்லையென்றால் சோக் போய்விட்டது. இங்கே நீண்டு, வண்டியில் மட்டும் நீளாவிட்டால் அதற்கு வரும் ஒயரைப் பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும், கன்வர்ட்டரையும் கெடுக்கும்.

கேள்வி: எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் பாய்ச்சும்) வண்டி. சைலன்சரைத் தட்டினால் உள்ளே ஏதோ உருள்கிறது. கன்வர்ட்டர் இல்லாத சைலன்சர் மாட்டலாமா?

பதில்: உருள்வது பெரும்பாலும் கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போல இருக்கும் கூட்டின் உடைந்த துண்டுதான். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தக் கூடு ஏறக்குறைய 250–300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். பிளக் சரியாகப் பொறி விடாமல் பெட்ரோல் அப்படியே போய் அதற்குள் எரிந்தால் சூடு எல்லை மீறி, கூடு உருகிச் சிதையும். ஆகவே பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் மூன்றையும் சரிபார்க்காமல் புதிது மாட்டினால் அதுவும் சிதையும். வெறும் சைலன்சர் மாட்டினால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் வடிகட்டப்படாமல் வெளியே போகும்; அதே கன்வர்ட்டர் உள்ள சைலன்சரைத்தான் மாட்ட வேண்டும்.

மாட்டும்போது கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் மயிரிழை கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மாறி மாறிக் காட்டித்தான் கலவையை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கில் நிறுத்துகிறது. கசிவுக் காற்றைக் கண்டால் பெட்ரோல் போதவில்லை என்று ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தப்பாக முடிவுகட்டி, இன்னும் அதிகம் பாய்ச்சும்.

கேள்வி: பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். புகை குறைய ஆயிலைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. லிட்டருக்கு 20 மில்லி என்று கையேடு சொன்னால் 20 மில்லிதான். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகை குறைய ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரநிலை) எஃப்சி அல்லது எஃப்டி தர ஆயில் போடுங்கள். சைலன்சரில் படிந்த கரியை எடுங்கள். கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் ஆயில் சீலை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் எந்த ஆயிலாலும் சரிசெய்ய முடியாது: புதுக் கலவை உள்ளே வரும்போதே எக்ஸாஸ்ட் வழியும் திறந்திருப்பதால், பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். அது அந்த இன்ஜினின் அமைப்பு.

கேள்வி: பெட்ரோலை மூடி விளிம்பு வரை நிரப்பினால் என்ன தவறு?

பதில்: டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைத்து இன்ஜினுக்கு அனுப்ப, புது வண்டிகளில் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர் இருக்கிறது. விளிம்பு வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் இறங்கிக் கரி நனைந்துவிடும். பிறகு வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆகத் திணறும், சுற்றிலும் நெடி அடிக்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் தகட்டைப் பெட்ரோல் தொடும்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.