ஆம்பில் துளை போடும் முன்

கேள்வி: ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் கிட்டார் ஆம்ப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கிளீன் சேனலில் வால்யூமை 2-க்குத் திருப்பினாலே பக்கத்து வீடு வரை கேட்கிறது. 1-க்கும் 2-க்கும் நடுவே நிதானமாக நிறுத்த முடியவில்லை. வெளிப் பெடலை ஆம்பின் நடுவே இணைக்க உதவும் லூப்பில், எதிரொலி தரும் டிலே பெடலை இணைத்து வால்யூமைக் கூட்டினால் கரகரக்கிறது. லூப்புக்குத் தனியாக நாப் வைத்துத் தர 6,000 ரூபாய் கேட்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கேட்கும் கன்ட்ரோல் ஆம்பைத் திறக்காமலே கிடைக்கும்.

உங்கள் ஆம்பில் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று இரண்டு ஜாக்குகள் இருக்கின்றன. அதுதான் லூப். கிட்டார் சிக்னலை முதலில் பெரிதாக்கும் பகுதி ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் பகுதி பவர் ஆம்ப். ஒரு சிறு பெட்டி, இரண்டு ஜாக், நடுவில் 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று. இதை அந்த இரண்டுக்கும் இடையில் மாட்டினால் மாஸ்டர் வால்யூம் கிடைத்துவிடும். ஆம்பின் வால்யூமை 4, 5 வரை ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் தேவையான அளவைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரமோ பேட்டரியோ தேவையில்லை. ரெடிமேடாகவும் விற்கிறார்கள், சால்டரிங் தெரிந்தவர் ஒரு மாலையில் செய்துவிடுவார். கன்ட்ரோல், காதுக்குச் சீராக ஏறும் ஆடியோ டேப்பர் வகையாக இருக்கட்டும். லீனியர் போட்டால் தொடக்கத்திலேயே சத்தம் தாவும், இப்போது படும் அதே அவஸ்தைதான்.

அடுத்தது டிலே. கிட்டார் தரும் சிறிய சிக்னலுக்காகச் செய்த பெடல் அது. ப்ரீஆம்பைத் தாண்டி வரும் சிக்னல் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். பெடல் தாங்காமல் கரகரக்கும். அதனால் பெட்டியைப் பெடலுக்கு முன்னால் மாட்டுங்கள். ப்ரீஆம்ப் அவுட்டிலிருந்து பெட்டி, அப்புறம் டிலே, கடைசியில் பவர் ஆம்ப் இன். இந்த வரிசையில் பெடலின் சொந்த இரைச்சல் குறையாது என்பது உண்மை. இரைச்சல்தான் தொந்தரவு, கரகரப்பு இல்லை என்றால் பெட்டியைப் பெடலுக்குப் பின்னால் மாற்றிப் பாருங்கள். பெடலில் பெரிய சிக்னலை ஏற்க வைக்கும் லைன் லெவல் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், செலவே இல்லை. கேபிள்கள் குட்டையாக இருக்கட்டும். நீண்டால் மேல் ஸ்தாயி மங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 40 வாட் பவர் வால்வுகளை முடுக்கினால் வரும் அந்தத் தடித்த ஒலி இந்தப் பெட்டியில் வராது. அதற்கு அட்டென்யுவேட்டர் என்ற வேறு கருவி வேண்டும். அது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வருவது. இந்தப் பெட்டியைத் தவறியும் ஸ்பீக்கர் லைனில் மாட்டாதீர்கள். கன்ட்ரோல் கருகும், ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம்.

பழைய ஆம்ப் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பெடல் எதுவும் இல்லாமல் ஒரு பேட்ச் கேபிளால் லூப்பின் இரண்டு ஜாக்குகளையும் இணைத்து வாசியுங்கள். ஒலி சட்டென்று நிமிர்ந்தால், பவர் ஆம்ப் இன் ஜாக்கின் உள் தொடுமுனையில் அழுக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கன்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு உள்ளே நாப் வேண்டும் என்றே தோன்றினால், வால்வு ஆம்ப் பழகிய கையிடம் மட்டும் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. பேனலில் துளை போடாமல் செய்யச் சொல்லுங்கள். துளை விழுந்த ஆம்பை விற்கப் போனால் விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.