பொது வரலாற்றில் முதுகலை: பாடங்களைத் திட்டமிடுவது குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் பொது வரலாற்றில், அதாவது அருங்காட்சியகம், காப்பகம் போன்ற கல்லூரிக்கு வெளியிலான இடங்களில் செய்யும் வரலாற்றுப் பணிக்கான துறையில், முதுகலை படிக்க விரும்புவதாகவும், அப்படியொரு படிப்பை உங்கள் உறவினர்களில் எவரும் கேள்விப்பட்டதில்லை என்பதால் நீங்கள் சம்மதம் சொல்லாமல் இருப்பதாகவும் எழுதி, படித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தயக்கம் நியாயமானது. ஆயினும், இந்தப் படிப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அதன் நான்கு செமஸ்டர்களையும் உங்கள் மகள் எவற்றைக் கொண்டு நிரப்பப்போகிறாள் என்று கேட்பதே பயன் தரும். படித்து முடிக்கும் நாளில் அவள் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்தத் திட்டமே தீர்மானிக்கிறது.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்வியில்தான் இந்தத் துறையே பிறந்தது. அமெரிக்காவில் 1970களில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற பலருக்குக் கல்லூரிப் பணி கிடைக்காத நிலை ஏற்பட்டபோது, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் 1976-இல் பொது வரலாற்றுக்கென ஒரு பட்டமேற்படிப்பு தொடங்கப்பட்டது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மரபுக் கட்டடப் பாதுகாப்பு, அரசுத் துறைகள், நிறுவனங்களின் சொந்த ஆவணப் பிரிவுகள் ஆகிய இடங்களில் பணியாற்றத் தக்க வரலாற்றாளர்களை உருவாக்குவதே அதன் நோக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த முதுகலை பெரும்பாலும் 30 முதல் 42 கிரெடிட் வரை இருக்கும். பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட் என்ற கணக்கில் 36 கிரெடிட் கொண்ட ஒரு படிப்பை எடுத்துக்கொண்டால், முதல் செமஸ்டரில் வரலாற்று வரைவியல் (வரலாறு எழுதப்படும் முறைகளைப் பற்றிய பாடம்), பொது வரலாறு அறிமுகம், ஏதேனும் ஒரு நாட்டின் அல்லது காலத்தின் வரலாறு என மூன்று பாடங்களும், இரண்டாம் செமஸ்டரில் ஓர் ஆய்வுக் கருத்தரங்கத்துடன் காப்பகவியல், அருங்காட்சியகவியல், டிஜிட்டல் வரலாறு ஆகியவற்றில் இரண்டும் படிப்பது ஒரு நல்ல அடுக்கு. கோடை விடுமுறையில் 3 கிரெடிட்டுக்கு இன்டர்ன்ஷிப், மூன்றாம் செமஸ்டரில் வாய்மொழி வரலாறு (பேட்டிகள் வழி வரலாற்றைப் பதிவு செய்தல்) போன்ற மூன்று விருப்பப் பாடங்கள், கடைசிச் செமஸ்டரில் ஆய்வேடு அல்லது செயல்திட்டத்துக்கு 6 கிரெடிட் என்று வைத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். ஆய்வேடா செயல்திட்டமா என்பதை மட்டும் இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் அவள் தீர்மானித்துவிட வேண்டும். பின்னர் முனைவர் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு. நேரே பணிக்குச் செல்வதானால், ஒரு கண்காட்சியோ ஒரு சேகரிப்புக்கான விவரப்பட்டியலோ போலக் காட்டத்தக்க ஒரு செயல்திட்டம்.

இன்டர்ன்ஷிப்பைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மூன்று கிரெடிட்டுக்கு 120 முதல் 150 மணி நேரம் வரை ஒரு நிறுவனத்தில் பணியாற்ற வேண்டியிருக்கும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும் மாணவி வளாகத்துக்கு வெளியே அத்தகைய பயிற்சியில் சேருவதற்கு சி.பி.டி. என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். படிப்பே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் அன்றி, ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே அந்த அனுமதி கிடைக்கும். ஆகவே முதல் கோடை விடுமுறைக்கு முன் இன்டர்ன்ஷிப்பைத் திட்டமிடுவதில் பொருளில்லை. அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போட்டால் இறுதிச் செயல்திட்டத்தோடு மோதும். பட்டம் பெற்ற பிறகு ஓ.பி.டி. என்னும் பணி அனுமதியில் 12 மாதங்கள் பணியாற்றலாம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரப்படும் கூடுதல் 24 மாதங்கள் வரலாற்றுக்குக் கிடையாது. அமெரிக்க மத்திய அரசின் வரலாற்றாளர் பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த நிலையில், உதவித்தொகையோ கட்டணச் சலுகையுடன் கூடிய துறை உதவியாளர் பணியோ கிடைக்காமல், வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் பெற்று இந்தப் படிப்புக்காக அமெரிக்கா செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதவியாளர் பணி கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். அதற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் முடிந்துவிடும் என்பதால், சென்னையில் பருவத் தேர்வுகள் நடக்கும் நேரத்திலேயே பரிந்துரைக் கடிதங்களும் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டும் தயாராக இருக்க வேண்டும். நம் மூன்றாண்டு பி.ஏ. பட்டத்தை எல்லா அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன் ஒவ்வொன்றிடமும் இதை எழுத்து மூலமாகக் கேட்டுவிட வேண்டும்.

பிரிட்டனில் இதே படிப்பு ஓராண்டில் முடியும். அங்கே வேறு அளவில் கணக்கிடப்படும் 180 கிரெடிட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆய்வேடு அல்லது செயல்திட்டத்துக்கே போகும். மூன்றாண்டுப் பட்டத்தை அங்கே பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். செப்டம்பரில் சேர்ந்த மாணவி சில மாதங்களிலேயே ஓர் அருங்காட்சியகத்திலோ காப்பகத்திலோ பயிற்சிக்குப் போய் நிற்க வேண்டியிருப்பதால், அடிப்படைத் தயாரிப்பை இங்கேயே முடித்துக்கொண்டு செல்பவர்களுக்கே அந்த ஓராண்டு போதும்.

பட்டச் சான்றிதழில் என்ன அச்சிடப்படும் என்பதையும் நீங்கள் கேட்டறிய வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் வரலாற்றில் முதுகலை என்று பட்டம் அளித்துப் பொது வரலாற்றைச் சிறப்புப் பிரிவாகக் குறிப்பிடுகின்றன; சிலவற்றில் பட்டமே பொது வரலாறு என்றிருக்கும். பின்னாளில் அவள் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், முதுகலை அந்தப் பாடத்தில்தானா என்பதையே முதலில் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு யூ.ஜி.சி. 2025-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி சமநிலைச் சான்றும் பெற வேண்டியிருக்கும். இரண்டு பல்கலைக்கழகங்கள் மற்ற எல்லா வகையிலும் சமமாக இருந்தால், வரலாறு என்று பட்டம் தருவதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மொழித் தேவை ஒன்றும் உண்டு. பல வரலாற்றுத் துறைகள் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் ஆய்வுக்கு வேண்டிய வாசிப்புத் திறனை எதிர்பார்க்கின்றன. தமிழ் ஆதாரங்களைக் கொண்டு ஆய்வு செய்யப்போவதாக விளக்கித் துறைத்தலைவரின் ஒப்புதலைக் கோரலாம். ஒப்புதல் கிடைத்தால், புதிதாக ஒரு மொழி கற்கச் செலவாகும் நேரம் மிச்சமாகும்.

இனி இந்த ஓராண்டில் சென்னையில் இருந்தபடியே செய்ய வேண்டியவை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பத்து முதல் இருபது பக்க அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரையை மாதிரியாகக் கேட்கின்றன. தேர்வுக்குப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிப் பழகிய நம் மாணவர்களிடம் அப்படியொரு கட்டுரை இருப்பது அரிது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்துடன் சென்று ஆய்வாளர் அனுமதி பெற அவள் விண்ணப்பிக்கட்டும். 1994-இல் தொடங்கப்பட்டு, இப்போது தரமணியில் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பார்க்கலாம். அடிக்குறிப்புகளோடு கூடிய ஒரே ஒரு நல்ல கட்டுரை, அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

அதோடு ஒரு சிறு களப்பணியையும் செய்யச் சொல்லுங்கள். பெரம்பூரில் பின்னி ஆலை என்று எல்லாரும் அழைத்த பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் 1996-இல் மூடப்பட்டது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறும் 1921 வேலைநிறுத்தத்தின் வரலாறும் அந்த ஆலையோடு பிணைந்தவை. அங்கே தறியில் நின்ற பெரியவர் ஒருவரைப் பேட்டி காண்பதாக வைத்துக்கொள்வோம். பதிவை எதற்குப் பயன்படுத்தலாம், பெயரை வெளியிடலாமா, பின்னர் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பவற்றைத் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்குவதற்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். தறிக்கூடத்துச் சொற்களைத் திருத்தாமல் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். கடைசியில் அந்தப் பேட்டியிலிருந்து, கண்காட்சிச் சுவரில் ஒரு புகைப்படத்தின் கீழே வைக்கத்தக்க அறுபது சொற்களை அவள் எழுதிப் பார்க்கட்டும். அதுவரை செய்ததில் அதுவே மிகக் கடினமான பகுதி என்பதை அப்போது உணர்வாள். அந்த வேலையில் அவளுக்கு அலுப்பு தட்டினால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது நல்லதுதான். ஆர்வம் கூடினால், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித்தரும் நோக்க அறிக்கையில் எழுதுவதற்குச் சொந்தமாக ஒன்று கிடைத்துவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாவிட்டாலும் வழி அடைபடவில்லை. பொது வரலாறு என்ற பெயரில் நம் நாட்டில் முதுகலைப் படிப்புகள் அரிது என்றாலும், இதே திறன்களை இரண்டு கட்டமாகப் பெற முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ வேறு நல்ல கல்லூரியிலோ எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, தில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் காப்பகவியல் பள்ளி நடத்தும் ஓராண்டு டிப்ளமோவுக்குச் செல்லலாம். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை சார்ந்த நிறுவனத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோவாகக் கற்பிக்கப்படுகின்றன. அருங்காட்சியகப் பணியே இலக்கு என்றால், நொய்டாவில் உள்ள இந்திய மரபு நிறுவனத்திலும் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் அருங்காட்சியகவியலில் முதுகலை உண்டு. தமிழ்க் கல்வெட்டையும் பழைய கையெழுத்தையும் படிக்கத் தெரிந்து, ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே குறைவு. அந்த இரண்டும் சேர்ந்த ஒருத்திக்கு உள்நாட்டுப் பாதையே உறுதியானது என்பது என் கருத்து.

மகள் விரும்பும் பல்கலைக்கழகங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, மூன்றாண்டுப் பட்டம் ஏற்கப்படுமா, சான்றிதழில் பட்டம் எவ்வாறு அச்சிடப்படும், இன்டர்ன்ஷிப் எந்தச் செமஸ்டரில் வருகிறது, தமிழ் மொழித் தேவையை நிறைவு செய்யுமா, முதலாண்டு மாணவருக்கு உதவியாளர் பணி உண்டா என்ற ஐந்து கேள்விகளையும் அவளே மின்னஞ்சலில் எழுதி அனுப்பட்டும். பதில்கள் வந்ததும் அவற்றின் நகலையும் அவளுடைய ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பாடங்களைச் செமஸ்டர் வாரியாக உட்கார்ந்து எழுதிவிடலாம்.