எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்? எங்க உக்காந்து கேக்குறீங்கன்னு முதல்ல சொல்லுங்க

போன ரெண்டு மாசமா சேந்து கெடந்த கேள்விங்கள்ல கொஞ்சம் எடுத்து இன்னிக்கு பதில் எழுதிடலாம்னு உக்காந்தேன். எல்லாரும் பட்ஜெட் எழுதுறீங்க, ஃபோன் மாடல் எழுதுறீங்க, என்ன கலர் வேணும்னு கூட எழுதுறீங்க, ஆனா எங்க உக்காந்து கேக்கப் போறீங்கன்றத பாதி பேர் எழுதுறதே இல்ல. எனக்கு அது தான் முதல்ல வேணும். சுத்தி எவ்ளோ சத்தம் இருக்கோ அதுக்கு மேல போற வரைக்கும் நம்ம கை வால்யூமை ஏத்திக்கிட்டே தான் இருக்கும், அப்படி ஏத்துன வால்யூம் தான் காதைக் காலி பண்ணும். நான் ஹெட்ஃபோன் சர்வீஸுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் மைக்செட்ல, பாக்ஸ் பக்கத்துலயே நின்னவன். ராத்திரி ஊர் அடங்குனதும் இடது காதுல ஒரு 'ங்ஙொய்' சத்தம் இன்னிக்கும் ஓடிக்கிட்டே இருக்கு. அதனால வால்யூம் விஷயத்துல மட்டும் கொஞ்சம் அழுத்தமா தான் பேசுவேன், பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணா, தினம் தாம்பரத்துல இருந்து சிறுசேரிக்கு பஸ்ல போய்ட்டு வரேன். ஈஎன்சி இருக்குன்னு சொல்லி 1300 ரூபாய்க்கு ஒரு பட்ஸ் வாங்குனேன், பஸ் சத்தம் அப்படியே தான் கேக்குது. ஏமாத்திட்டாங்களா?

உங்களை மாதிரி ஏமாந்தவங்க நிறைய பேர் தம்பி. ஈஎன்சின்றது உங்க காதுக்கு இல்ல, உங்க மைக்குக்கு. நீங்க பேசும்போது பின்னாடி இருக்குற ஹார்ன் சத்தம் அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்குப் போகாம குறைக்கும், அவ்ளோ தான். நீங்க நெனச்சது ஏஎன்சி. ஒரே ஒரு எழுத்து தான் வித்தியாசம், டப்பாவுல பெருசா போட்டு வச்சிருப்பாங்க, யாரு நின்னு படிக்கிறது.

ஏஎன்சி என்ன பண்ணும்னா, வெளிய வர்ற சத்தத்தை ஒரு சின்ன மைக் வச்சு பிடிச்சு, அதே சத்தத்தை தலைகீழா திருப்பி உள்ள போடும், மேடும் பள்ளமும் சேந்து ரெண்டும் அடங்கிடும். 1978ல சூரிச்ல இருந்து பாஸ்டனுக்கு ஃப்ளைட்ல போகும்போது அங்க குடுத்த ஹெட்ஃபோன்ல இன்ஜின் சத்தத்துக்கு நடுவுல ஒண்ணும் கேக்கலன்னு அமர் போஸ் சீட்ல உக்காந்தே கணக்கு போட ஆரம்பிச்சாரு (போஸ் கம்பெனி ஆரம்பிச்சவரு, அவங்க அப்பா வங்காளத்துக்காரர்). பைலட்டுங்களுக்கான ஹெட்செட்டா அது கடைக்கு வர 1989 ஆச்சு. ஃப்ளைட்டுக்குன்னு பொறந்த விஷயம்ன்றதை மனசுல வச்சுக்கங்க, ஏன்னா அது நல்லா வேலை செய்றது இன்ஜின் உறுமல், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீரா ஓடுற கனத்த சத்தத்துல தான். பக்கத்து சீட்ல ஒருத்தர் ஃபோன்ல கத்திப் பேசுறதையோ திடீர்னு அடிக்கிற ஏர் ஹாரனையோ அது பெருசா ஒண்ணும் பண்ணாது, அதை அடைக்க வேண்டியது காதுல ஒக்கார்ற ரப்பர் டிப் தான்.

அதனால புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. டப்பாவுல மூணு சைஸ் டிப் இருக்கும்ல, பெருசு ஒரு நாள் சின்னது ஒரு நாள் போட்டுப் பாருங்க. சரியான சைஸ் ஒக்காந்தா நீங்க பேசுற குரலே உங்களுக்கு மண்டைக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும், பேஸ் (கனத்த கீழ் சத்தம்) டக்குனு ஏறும். நிறைய பேருக்கு ரெண்டு காது ஓட்டையும் ஒரே சைஸ் இல்ல, வலதுக்கு ஒண்ணு இடதுக்கு ஒண்ணு போட்டா தப்பே இல்ல. அப்பவும் பஸ்ல பத்தலன்னா ஏஎன்சி உள்ளதா பாருங்க. தினம் மூணு மணி நேரம் பஸ்லயே போகுதுன்னா அது வீண் செலவு இல்ல, குறைச்ச வால்யூம்ல கேக்கலாமே.

கேள்வி: வீட்ல இருந்து வேலை. ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல பாட்டு அருமையா இருக்கு, லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்ச உடனே சவுண்ட் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுது. பீஸ் ரிப்பேரா சார்?

ரிப்பேர் இல்ல மேடம். ப்ளூடூத்ல பாட்டுக்கு ஒரு வழி, ஃபோன் பேச்சுக்கு வேற வழி. ஹெட்ஃபோன் மைக்கை ஆன் பண்ண உடனே லேப்டாப் பேச்சு வழிக்கு மாறிடும், அதுல ஸ்டீரியோ கிடையாது, மேல் சத்தம் (கீச்சுனு கூர்மையா கேக்குறது) எல்லாம் வெட்டுப்பட்டு போயிடும். மீட்டிங் செட்டிங்ஸ்ல மைக்கை மட்டும் லேப்டாப்போட சொந்த மைக்குக்கு மாத்திட்டு, ஸ்பீக்கர்ல ஹெட்ஃபோனை விட்ருங்க, பழைய சவுண்ட் திரும்பி வந்துரும். நாள் முழுக்க பேச்சு தான் வேலைன்னா வாய் பக்கம் மைக் நீட்டிக்கிட்டு இருக்குற யூஎஸ்பி வயர் ஹெட்செட்டை எடுங்க. பாக்க அழகா இருக்காது, ஆனா மைக் வாய்கிட்ட இருக்கணும்ன்ற விஷயத்துல குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: பொண்ணு மிருதங்கம் கத்துக்கிறா. கச்சேரி ரெக்கார்டிங் கேட்டு வாசிச்சுப் பழகணும். 2000 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்? பேஸ் நல்லா இருக்கணும்னு கடைக்காரர் ஒண்ணு காட்டுறார்.

இந்தக் கேள்வி வந்த அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம். கடைக்காரர் காட்டுறதை வாங்காதீங்க. 'பேஸ்' பட்டன் வச்ச, அதிருது அதிருதுன்னு விக்கிற ஹெட்ஃபோன் எல்லாம் மிருதங்கத்துக்கு எதிரி. எப்படி செக் பண்ணணும்னு சொல்றேன். பொண்ணுக்கு நல்லா பழக்கமான ஒரு தனி ஆவர்த்தனத்தை (கச்சேரியில தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம்) போட்டு, தொப்பியில, அதாவது இடது பக்கத் தோல்ல, கையை அழுத்தி இழுக்குற கும்கியை மட்டும் கேக்கச் சொல்லுங்க. அது கீழ இருந்து வழுக்கிக்கிட்டு மேல ஏறணும், ஏறும்போது எந்த இடத்துல இருக்குன்னு தெரியணும். பேஸ் ஏத்தின ஹெட்ஃபோன்ல அது வழுக்காது, 'பொம்'முனு ஒரே ஒரு உருண்டையா விழும். அடுத்து வலது பக்கம், வலந்தலையில விழுற சாப்புன்ற அடி, தோல் சுருக்குன்னு அடிபட்டு, நடுவுல சோறுன்னு சொல்ற கருப்புப் பூச்சு போட்ட இடத்தோட ரீங்காரம் பின்னாடியே வரணும். அதோட பின்னாடி தம்புரா ஓடுதா, கம்பிக்கு அடியில வைக்கிற ஜீவா நூல் தர்ற அந்த ரீங்காரம் அறுபடாம கேக்குதான்னு பாருங்க. இந்த மூணும் கேட்டா அந்த பீஸ் பாஸ். டப்பாவுல 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்ருக்குறது ஒண்ணுத்துக்கும் உதவாது, நல்லதுலயும் அதே தான் போட்ருக்கும் மட்டமானதுலயும் அதே தான் போட்ருக்கும்.

உங்க பணத்துக்கு வயர் உள்ள இன்-இயர் (காது ஓட்டைக்குள்ள ஒக்கார்றது) தான் என் ஓட்டு. மூன்ட்ராப் சூ மாதிரி சின்ன பீஸுங்க அந்த விலைக்கு கிட்டத்தட்ட வருது, இந்த விலைல எந்த ப்ளூடூத்தும் அதுக்கு பக்கத்துல நிக்காது, ஏன்னா இங்க பேட்டரிக்கும் சிப்புக்கும் பணம் போகல, பூரா சவுண்டுக்கே போகுது. கேபிள் கழட்டி மாட்ற மாதிரி இருந்தா இன்னும் விசேஷம், சர்வீஸுக்கு வர்றதுல பாதிக்கு மேல ஜாக் பக்கத்துல வயர் ஒடிஞ்சது தான்.

பின்னாடி ஒரு நாள் பணம் சேந்தா ஓப்பன்-பேக் ஒண்ணு கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. கப்போட முதுகு அடைப்பு இல்லாம சல்லடை மாதிரி இருக்கும், சத்தம் தலைக்குள்ள முட்டாம முன்னாடி மேடையில வாசிக்கிற மாதிரி விரியும். சென்ஹைசர் எச்டி 600ன்னு ஒண்ணு 1997ல வந்தது, இன்னிக்கும் ஆளுங்க வாங்குறாங்கன்னா பாத்துக்கங்க. ஆனா அதோட மின் தடை 300 ஓம், ஃபோன்ல நேரா சொருவுனா பசிச்சவன் மாதிரி முனகும், தனியா ஆம்ப் (சத்தத்தைத் தூக்கிக் குடுக்குற பெட்டி) வேணும். பஸ்ஸுக்கு ஓப்பன்-பேக் ஆகவே ஆகாது, வெளி சத்தம் உள்ள வரும், உங்க பாட்டு ஊருக்கே கேக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு. டிவியை அலற விடுறார், கேட்டா 'பேசுறது புரியல'ன்றார். வயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்கிக் குடுக்கலாமா? எலும்பு வழியா கேக்குற போன் கண்டக்‌ஷன் உதவுமா?

வாங்கலாம்மா, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு பாக்குற காது டெஸ்ட்) எடுத்துருங்க. 'கேக்கல'ன்னு சொல்லாம 'புரியல'ன்னு சொல்றார் பாருங்க, அதுல தான் விஷயம் இருக்கு. வயசானா காது முதல்ல விடுறது மேல் சத்தத்தை. ச, த, க மாதிரி எழுத்துங்களோட கூர்மை அங்க தான் இருக்கு, ஆ, ஓன்னு இழுக்குறது எல்லாம் கீழ இருக்கு. அதனால யாரோ பேசுறாங்கன்னு தெரியும், 'கடை'யா 'தடை'யான்னு தெரியாது. இந்த நெலமைல வால்யூமை ஏத்துனா ஆ, ஓ தான் இன்னும் அலறும், வார்த்தை தெளியாது. டெஸ்ட்டுல காது மெஷின் வேணும்னு சொன்னா தள்ளிப் போடாதீங்க, ஹெட்ஃபோன் அதுக்கு மாத்து இல்ல.

மெஷின் அவசியம் இல்லன்னு சொல்லிட்டா, காதை முழுசா மூடுற, வெயிட் கம்மியான, பட்டன் பெருசா இருக்குற ஹெட்ஃபோனா எடுங்க. டச் பண்ணி வால்யூம் மாத்துறது எல்லாம் அவருக்கு தொல்லை. உதடு அசஞ்ச அப்புறம் சத்தம் வர்ற மாதிரி இருந்தா அது ப்ளூடூத் லேட், டிவி செட்டிங்ஸ்ல ஆடியோ டிலேன்னு இருந்தா சரி பண்ணிக்கலாம், இல்லன்னா டிவிக்குன்னே, டிவியில சொருவுற ஸ்டாண்டோட வர்ற ரேடியோ ஹெட்ஃபோன் எடுங்க.

எலும்பு வழியா கேக்குற போன் கண்டக்‌ஷன் பத்தியும் கேட்டிருந்தீங்க. அது வெளிக்காது நடுக்காதைத் தாண்டி சத்தத்தை உள்ள அனுப்பும், அங்க பிரச்சனைன்னா நல்லா உதவும். வயசாகி உள்காது தேஞ்சு போனதுன்னா அது ஒரு பெரிய மாத்தமும் தராது. அதுக்கும் ஆடியோகிராம் தான் பதில் சொல்லணும்.

கேள்வி: எனக்கு பொறந்ததுல இருந்து வலது காது கேக்காது. ஹெட்ஃபோன்ல பாட்டு கேட்டா ஏதோ கொறையுற மாதிரியே இருக்கும். இதுக்குன்னு தனியா ஹெட்ஃபோன் இருக்கா?

புதுசா எதுவும் வாங்க வேணாம் தம்பி. ஃபோன் செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைக்குள்ள (அக்செசிபிலிட்டி) 'மோனோ ஆடியோ'ன்னு ஒண்ணு இருக்கும், ஆண்ட்ராய்டு ஐஃபோன் ரெண்டுலயும் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. ஸ்டீரியோ பாட்டுல வயலினை ஒரு பக்கம் கிட்டாரை இன்னொரு பக்கம்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, உங்களுக்கு இத்தனை வருஷமா வலது பக்கம் போனது எதுவுமே வந்து சேரல. மோனோ போட்டா ரெண்டும் கலந்து இடது காதுக்கே வரும். சின்ன வயசுல இருந்து கேட்ட பாட்டு ஒண்ணு எடுத்துப் போட்டுப் பாருங்க, அதுல இல்லவே இல்லன்னு நெனச்ச வாத்தியம் ஒண்ணு இருக்கும். அந்த ஒத்தைக் காதை பத்திரமா பாத்துக்கங்க, வால்யூம் பாதிக்கு மேல வேணாம்.

கேள்வி: எட்டு வயசு பையனுக்கு ஆன்லைன் க்ளாஸ். 85 டெசிபல் லிமிட்னு போட்ட கிட்ஸ் ஹெட்ஃபோன் சேஃபா?

லிமிட் இல்லாததுக்கு அது எவ்ளோவோ மேல். ஆனா லிமிட் இருக்குன்னு நாள் முழுக்க விட்றக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம்னும், புள்ளைங்களுக்கு 75 டெசிபல்ல 40 மணி நேரம்னும் கணக்கு சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதி ஆயிடும், அப்படிப் பாத்தா 85ல புள்ளைக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் தான் தேறும். அவன் வச்சிருக்குற வால்யூம்லயே அதைக் கழட்டி உங்க காதுல வச்சுப் பாருங்க, உங்களுக்கு உறுத்துனா அவனுக்கு அது ஜாஸ்தி. வீடு அமைதியா இருக்குற நேரத்துல ஹெட்ஃபோனே வேணாம், ஸ்பீக்கர்ல போடுங்க.

கேள்வி: கேம் ஆடும்போது சுட்ட அப்புறம் தான் சத்தம் வருது ப்ரோ.

ப்ளூடூத் அப்படித் தான். கேம் மோட்னு இருந்தா போடுங்க கொஞ்சம் குறையும், முழுசா போகணும்னா வயர், இல்லன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோட (யூஎஸ்பில சொருவுற குட்டி பீஸ்) வர்ற ஹெட்செட்.

கேள்வி: என் ஃபோன்ல 3.5 எம்எம் ஓட்டை இல்ல. 150 ரூபாய்க்கு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்குனேன், ஃப்ரெண்டு ஃபோன்ல வேலை செய்யுது எனக்கு செய்யல.

கன்வெர்ட்டர்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல வெறும் வயர் தான், சில ஃபோன் தானே டிஜிட்டலை பாட்டா மாத்தி டைப்-சி வழியா வெளிய விடும், அதுல மட்டும் ஓடும். இன்னொண்ணுல அப்படி மாத்துற டாக் (DAC) சிப் உள்ளயே இருக்கும், பெரும்பாலும் எல்லா ஃபோன்லயும் ஓடும். கடையில 'டாக் சிப் உள்ளது'ன்னு கேட்டு, உங்க ஃபோன்லயே சொருவிப் பாத்துட்டு காசு குடுங்க. வயர் பக்கம் போறது நல்ல முடிவு தான். நானே ஒரு பெரிய பிராண்ட் பட்ஸ் ஆசைப்பட்டு வாங்கி, 14 மாசத்துல இடது பக்கம் அரை மணி நேரம் கூட நிக்கல, சர்வீஸ் சென்டர்ல 'பேட்டரி மாத்த முடியாது, புதுசு எடுத்துக்கங்க'ன்னு அனுப்பிட்டாங்க. பிரிச்சுப் பாத்தேன், சட்டை பட்டன் அளவு பேட்டரி, சுத்தி பசை போட்டு ஒட்டி வச்சிருக்கு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

கேள்வி: டெலிவரி வேலை பாக்குறேன் அண்ணா. வண்டி ஓட்டும்போது பாட்டு கேக்க எந்த இயர்ஃபோன் நல்லது?

வண்டி ஓடும்போது எதுவுமே வேணாம் தம்பி. பின்னாடி லாரி ஏத்திக்கிட்டு வர்றது கண்ணுக்கு முன்னாடி காதுக்கு தான் தெரியும். கால் வந்தா ஓரமா நிறுத்திப் பேசுங்க. ஆர்டருக்காக ஹோட்டல் வாசல்ல காத்திருக்குற நேரத்துல கேளுங்க, அதுக்கு காதை அடைக்காத ஓப்பன் டைப் போதும், பேர் கூப்ட்டா கேக்கும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மி ஆயிடுச்சு. தூக்கிப் போட்றதா?

போட்றாதீங்க. என் டேபிளுக்கு வர்ற 'ஒரு சைடு போச்சு' பீஸுங்கள்ல நிறைய இதே கதை தான். ரப்பர் டிப்பைக் கழட்டுங்க, மூக்கு நுனியில பொடி சல்லடை ஒண்ணு இருக்கும், டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாருங்க. காது குரும்பி தேன் மெழுகு மாதிரி பழுப்பா ஓட்டைங்களை மூடி இருக்கும், சத்தம் வர வழியே இருக்காது. குண்டூசி விட்டுக் குத்தாதீங்க, சல்லடை கிழிஞ்சா முடிஞ்சது. ஓட்டை கீழ பாக்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு, காஞ்ச பழைய டூத் ப்ரஷ்ஷால மேல்வாக்குல மெதுவா தட்டித் தட்டி விடுங்க, தூள் கீழ விழணும், உள்ள போகக்கூடாது. தண்ணி, ஸ்பிரிட் எதுவும் ஊத்தாதீங்க. டிப்பை மட்டும் சோப்புத் தண்ணில அலசி நல்லா காய வச்சு மாட்டுங்க. அப்பவும் கம்மியா இருந்தா எடத்தை மாத்தி, வலதை இடது காதுலயும் இடதை வலது காதுலயும் வச்சுப் பாருங்க. கம்மி அந்த பீஸ் கூடவே போனா என்கிட்ட கொண்டு வாங்க, அதே காதுலயே நின்னா காது டாக்டரைப் பாருங்க.