கேளுங்கள், சொல்கிறோம்: வரியும் சர்க்காரும்

கே: 'வரியைக் குறை, அரசைச் சுருக்கு' என்கிறார்களே லிபர்டேரியன்கள், வருஷம் 60 லட்சத்துக்குச் சுங்குடிச் சேலை விற்கும் எனக்கு இதில் என்ன இருக்கிறது?
(சேலை வியாபாரி, மதுரை)

ப: உங்கள் கடைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வரி நீங்கலாக 50 லட்சத்துக்கு வாங்கி 60 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சாதா முறையில், விற்கும்போது வசூலிப்பது 3 லட்சம். வாங்கும்போது கொடுத்த 2.5 லட்சத்தை இன்புட்டாகக் கழித்துக்கொண்டு 50,000 கட்டுவீர்கள்.

சின்ன வியாபாரிக்குச் சலுகை என்று சொல்லும் காம்போசிஷனில் விற்பனைக்கு 1 சதவீதம், அதாவது 60,000. ஆனால் இன்புட் கிடையாது. கொடுத்த 2.5 லட்சம் சரக்கு விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆக மொத்தம் 3.10 லட்சம்! சாதா முறையில் இன்புட்டும் கட்டியதும் சேர்த்தே 3 லட்சம்தான். 100 ரூபாய்க்கு விற்பதை 80 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்தச் சலுகை நஷ்டம்தான். கணக்கு வேலை குறையும் என்பதற்காகவே பலர் எடுக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சிக்கல். பில்லில் வரி போட முடியாது. அதனால் ஜிஎஸ்டி நம்பர் வைத்திருக்கும் கடைக்காரர் உங்களிடம் வாங்கத் தயங்குவார். பெங்களூருக்கு ஒரு சேலைகூட விற்கக் கூடாது. சாதா முறைக்கு மாறினாலோ, வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய். கட்டும் வரியைவிட, எங்கே விற்கலாம், எப்படி விற்கலாம் என்று சர்க்கார் கோடு கிழிப்பதுதான் லிபர்டேரியன்களுக்குக் கோபம். இந்த இடத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கே: பணக்காரர்களிடம் கூடுதலாக வாங்கினால் என்ன தப்பு?
(ஆசிரியை, மேலூர்)

ப: வாங்கிப் பார்த்தாயிற்று. 1973-74இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு, சர்சார்ஜ் (வரிமேல் வரி) சேர்த்து 97.75 சதவீதம். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கைக்கு வருவது 2 ரூபாய் 25 காசு. எவர் கணக்கில் காட்டுவார்? ஏய்ப்புக்கு முக்கியக் காரணமே இந்த உயர்ந்த விகிதம்தான் என்று, வரி ஏய்ப்பை ஆராய சர்க்காரே அமைத்த வாஞ்சூ கமிட்டி 1971லேயே எழுதிவிட்டது. 1974 பட்ஜெட்டில் 77 ஆக்கினார்கள், 1997இல் 30. ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கும் சர்க்கார் அனுமதி கேட்க வைக்கும் ஆட்சியை 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று சாடியபோது பலர் சிரித்தார்கள்.

கே: அப்புறம் ரோடு யார் போடுவது?
(லாரி உரிமையாளர், திருமங்கலம்)

ப: ஓட்டுகிறவர் கொடுக்கட்டும், டோல் வையுங்கள் என்பார்கள். கப்பலூர் டோல்கேட்டோடு மல்லுக்கட்டும் உங்கள் ஊரில் இதைச் சொன்னால் அடி விழும்! ஆனால் டீசல் விலைக்குள்ளும் ரோடு செஸ் ஒளிந்திருக்கிறதே. இரண்டு உண்டியலில் ஒன்றை எடுத்துவிடுங்கள் என்பது அவர்கள் வாதம்.

கண்மாய்க்கு டோல் வைக்க முடியாது. அதற்கு, ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தைக் காட்டுவார்கள். அதிலும் ஆள் அனுப்பாத வீட்டை வழிக்குக் கொண்டுவர ஊர்க் கட்டுப்பாடு தேவைப்பட்டது. அது மட்டும் வரி இல்லையா என்று கேட்டால், அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.