சப்ஸ்டேஷன் டிசைனை ஏஐ செய்துவிட்டால் என் மகளுக்கு வேலை இருக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் ஈ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல் பொறியியல்) இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள், சப்ஸ்டேஷன் (துணை மின் நிலையம்) டிசைன் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் உங்கள் அண்ணன் மகனோ, "இனி அதையெல்லாம் ஏஐயே வரைந்துவிடும், இப்போதே கோடிங் பக்கம் திருப்பிவிடுங்கள்" என்கிறார். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தாய்க்கு இதைக் கேட்டால் தூக்கம் போகத்தான் செய்யும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவளை மாற்றாதீர்கள். ஆனால் அண்ணன் மகன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை அவள் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

சப்ஸ்டேஷன் டிசைன் ஒற்றைக்கோட்டுப் படத்தில் தொடங்கும். எந்த லைன் உள்ளே வருகிறது, எந்த பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக எந்த டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது என்பது அதில் இருக்கும். அப்புறம் யார்டு லேஅவுட் (கருவிகள் நிற்கும் திறந்தவெளியின் அமைப்பு), எர்த் மேட் (மண்ணுக்குள் புதைக்கும் உலோகக் கம்பி வலை), இடிதாங்கி, ரிலே பேனல் (பழுதைக் கண்டறியும் கருவிகளின் பலகை), கேபிள் ஷெட்யூல், பொருள் பட்டியல் என்று கட்டுக்கட்டாக வரும். ஒரே மாதிரியான பே-க்களை, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் உரிய கருவித் தொகுதிகளை, திரும்பத் திரும்ப வரைவது, கேபிள்களைக் கணக்கெடுப்பது, ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் முரண் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கணினிக்குத் தோதான வேலை. இடம் தேடுவதிலும் அது உதவும். செயற்கைக்கோள் படம், சாலை, கண்மாய், ஏற்கெனவே போகும் லைன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நாலைந்து இடங்களை வரிசைப்படுத்தித் தரும். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆரம்பத்தில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். அதனால் ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இன்னொரு பாதிக்கு உங்கள் ஊர்ப்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரம் அங்குள்ள 400 கே.வி. (கிலோவோல்ட்) துணை மின் நிலையம் வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த மாதிரி இடத்தில் மின்கம்பிக்கும் தரையோடு இணைந்த இரும்புக்கும் நடுவே 3.5 மீட்டர் காற்றிடைவெளி வேண்டும் என்பது விதி. இதை மென்பொருள் ஒருபோதும் மறக்காது. ஆனால் மண்? கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் 200 டன்னைத் தாண்டும் டிரான்ஸ்பார்மரை உட்கார வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தை எளிதில் உள்வாங்கும் அதே மண், காய்ந்ததும் எதிர்க்கும். எங்காவது பழுது ஏற்பட்டு ஆயிரக்கணக்கான ஆம்பியர் தரைக்குள் பாயும் அந்த அரை நொடியில், யார்டில் ஒரு கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மனிதரின் கைக்கும் காலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அவர் உயிர். எர்த் மேட் கணக்கு அதற்காகவே போடப்படுகிறது. யார்டு முழுக்க ஜல்லி பரப்பியிருப்பதும் கால் வழியாகப் பாயும் மின்னோட்டத்தைக் குறைக்கத்தான்.

அந்தக் கணக்கின் சூத்திரம் ஏஐக்குத் தெரியும். மண்ணின் மின்தடையை நான்கு கம்பி நட்டு அளந்தது ஐப்பசி மழையிலா, சித்திரை வெயிலிலா என்று கேட்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். உங்கள் மகள் அந்த ஆளாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன வருடம் ஒரு மாணவர் ஏஐயிடம் கேட்டு எழுதிய புராஜெக்ட் அறிக்கையைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதில் இருந்தவை மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். அவற்றுக்குப் பதிலாக 2023-லேயே புதியவை வந்துவிட்டன. பல மாநிலங்களில் 220 கே.வி. என்றிருப்பது தமிழ்நாட்டில் 230 கே.வி. என்பதும் அதில் தவறிப்போயிருந்தது. அவர் எதையும் சரிபார்க்கவில்லை. நிஜ வேலையில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பவர் சிஸ்டம் அனாலிசிஸ், புரொடெக்ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர் இரண்டையும் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துணை மின் நிலைய எர்த்திங்குக்கான ஐஈஈஈ 80 தரநிலையை வைத்து ஒரு சின்ன எர்த் மேட்டை முதலில் கையால் கணக்கிடட்டும். பிறகு அதையே பைத்தான் நிரலாக எழுதட்டும். மூன்றாவதாக ஏஐயிடம் கொடுத்து, விடை எங்கே விலகுகிறது என்று பார்க்கட்டும். நேர்முகத் தேர்வில் அந்த மூன்று தாள்களை மேசையில் வைத்தால் பேச்சு தானாக வளரும். அண்ணன் மகனுக்குக் கோடிங் தெரியுமே, பைத்தானுக்கு அவரையே உதவச் சொல்லுங்கள்.

"மின்துறையில் ஏஐ" என்று சொல்லி ஆறு வாரத்துக்குப் பெரிய தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம்.

வேலை எங்கே என்று கேட்டீர்கள். சென்னை மணப்பாக்கத்தில் எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவின் தலைமையகம் இருக்கிறது, படப்பையிலும் பல்லாவரத்திலும் ஜி.இ. வெர்னோவாவின் மின்சாதன ஆலைகள் இருக்கின்றன. மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட், கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பொறியாளர்களை எடுக்கிறது. அதற்கு மூன்றாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்கினால் நல்லது.

முக்கியமாக ஒன்று. அவள் இதுவரை ஒரு சப்ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததில்லை என்று சொன்னீர்கள். துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள 110 அல்லது 230 கே.வி. நிலையத்தில் இந்த விடுமுறையிலேயே இன்பிளான்ட் டிரெயினிங் (நிலையத்திலேயே நேரடிப் பயிற்சி) கேட்கட்டும். பத்து நாள் கிடைத்தாலும் போதும். போய்வந்த பிறகு அவளையே எனக்குப் பேசச் சொல்லுங்கள், அங்கே பார்த்த ஒற்றைக்கோட்டுப் படத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு.