கணவரின் கண்காட்சிப் பயணத்தில் நானும் போகலாமா?

கேள்வி: என் கணவர் கரூரில் மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் முதலியவற்றைத் தைத்து ஏற்றுமதி செய்கிறார். ஆண்டுதோறும் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறார். சாம்பிள்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதும், அவற்றைப் பட்டியலிட்டுப் பெட்டியில் அடுக்குவதும் என் பொறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாக அழைக்காதவர், இந்த முறை "நீயும் வாயேன்" என்கிறார். ஒன்பது வயதில் மகன் இருக்கிறான். பொங்கல் நேரத்தில் இருவருமே வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்று மாமியார் வருந்துகிறார். நான் போகலாமா?
– வாசகி, கரூர்

பதில்: சகோதரி, "வாயேன்" என்று உங்கள் கணவர் சொன்னது துணைக்கா, ஸ்டாலில் நிற்பதற்கா என்பதை முதலில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு பயணங்கள். விமானம் மட்டும்தான் ஒன்று.

துணைக்கு என்றால், கண்காட்சி நாட்களைப் போலப் பொருத்தமற்ற நாட்கள் வேறில்லை. நான்கு நாளும் காலை முதல் மாலை வரை அவர் அரங்கை விட்டு அசைய முடியாது; அதற்கு முந்தைய நாள் ஸ்டால் அமைக்கும் வேலையில் போய்விடும்; மாலையில் சரக்கு வாங்கும் பையர் யாராவது விருந்துக்கு அழைத்தால் மறுக்கவும் முடியாது. கண்காட்சி வாரத்தில் பிராங்பர்ட் ஓட்டல் வாடகை ஏறிவிடுவதால், பலர் மைன்ஸ், வீஸ்பாடன் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வந்து போகிறார்கள். அங்கே ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், குளிரும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கணவரின் மாநாடு ஒன்றுக்கு ஆசையாகப் புறப்பட்டுப் போய், ஓட்டல் ஜன்னல் வழியே வாகன நிறுத்துமிடத்தை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். துணையாகத்தான் போவதென்றால், கண்காட்சி முடியும் நாளில் நீங்கள் போய்ச் சேருங்கள். அதன்பின் நான்கு நாள் அவர் உங்களோடு இருக்கட்டும். ரயிலில் ஹைடல்பர்க் ஒரு மணி நேரம், கொலோன் அதற்குச் சற்றே கூடுதல்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. நிறம் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். ஒரு பையர் விரிப்பைக் கையில் எடுத்து, "இதே நெசவு வேறு நிறத்தில் வருமா?" என்று கேட்டால் சரியான பதில் உங்களிடம்தான் இருக்கிறது. கணவர் ஒருவரோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் நிறுத்தவும், யார் எந்தச் சாம்பிளை விரும்பினார் என்று அன்றன்றே குறித்துவைக்கவும் இன்னொருவர் வேண்டும். ஊர் திரும்பிய பின் ஆர்டராக மாறுவது பெரும்பாலும் அந்தக் குறிப்புகள்தான். ஸ்டாலில் நிற்கத்தான் அழைக்கிறார் என்றால், தயங்காமல் போங்கள் என்பதே என் பதில்.

அப்படிப் போவதானால் விசா விண்ணப்பத்திலும் தொழில் பயணம் என்றே எழுத வேண்டும். நிறுவனத்தில் நீங்கள் பங்குதாரராகவோ ஊழியராகவோ இருப்பதற்கான ஆவணமும் வேண்டும். இத்தனை ஆண்டு உழைத்தும் உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால், பயணம் ஒருபுறம் இருக்க, அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். துணையாகப் போவதென்றால் சுற்றுலா விசா, திருமணச் சான்றிதழ், கணவரின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும். அந்தச் செலவை நிறுவனக் கணக்கில் எழுதினால் வருமான வரியில் தொழிற்செலவாக ஏற்க மாட்டார்கள் என்பதை உங்கள் ஆடிட்டரும் சொல்வார். எந்த வகையானாலும், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் டிசம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம்.

மாமியாரின் வருத்தம் நியாயமானதே. 2024-ல் கண்காட்சி ஜனவரி 12-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2025-ல் தைப்பொங்கலன்றே தொடங்கி 17 வரை நடந்தது. 2026-ல் 13 முதல் 16 வரை. ஆகவே தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பண்டிகையோடு மோதும் ஆண்டில் வெறும் துணைக்காகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். பொங்கல் பானையருகே அப்பா இல்லாததற்குப் பழகிய பிள்ளைக்கு அம்மாவும் இல்லாதது புதிது. வேலைக்காக என்றால் அவனிடம் முன்கூட்டியே சொல்லி, பாட்டியோடு விட்டுச் செல்லலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொன்னால் புரியும். மாமியாரிடம் மட்டும் நீங்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். அழைத்தவர் உங்கள் கணவர். தம் அம்மாவிடம் அவரே பேசட்டும்.