கிரெடிட் கார்ட் கடன் இருக்கும்போது வெளிநாடு போனா ஏர்போர்ட்ல புடிப்பாங்களா?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான். கொழும்புல வேலை செய்யிற காலத்துல எடுத்த கார்ட்ல மூணு லட்சம் கிட்ட நிக்குது, வேலையும் விட்டாச்சு, ரெண்டு மாசமா ஒண்ணும் கட்டல்ல, இப்ப டுபாய்க்கு விசா வந்திருக்கு, வீடு மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல, அங்க அம்மா மட்டும்தான். பேங்குக்கு சொல்லாம போயிட்டா கட்டுநாயக்கால நிப்பாட்டுவாங்களா, அம்மாவுக்கு பிரச்சினை வருமா?

கார்ட் கடனுக்காக ஏர்போர்ட்ல புடிக்க மாட்டாங்க. அது சிவில் விஷயம், பொலிஸ் கேஸ் இல்ல. உங்க பேர்ல கோர்ட் ஓடர் எதுவும் இல்லாட்டி நீங்க பாட்டுக்கு போகலாம். ஆனா செக் குடுத்து அது காசில்லாம திரும்பி வந்திருந்தா கதையே வேற, அது குற்ற வழக்காவே போகலாம், அதனால கலெக்ஷன் பண்றவங்க கோல் எடுத்து "ஒரு செக்காவது எழுதி தாங்க"ன்னு நெருக்கினாலும் கணக்குல காசு இல்லாம எழுதி குடுத்துட்டு பிளேன் ஏறிடாதீங்க.

ஏர்போர்ட் பயம்தான் எல்லாருக்கும் இருக்கு, ஆனா பயப்பட வேண்டிய இடம் அது இல்ல தம்பி. நீங்க போனதுக்கு பொறவு அந்த கடன் தேடி வர்ற இடம் அம்மா இருக்கிற லயம்தான், அந்த தோட்டத்து லைன் வீடுதான்.

நான் ஹட்டன் டவுன்ல ஒரு கொமினிகேஷன்ல வேலை செய்யிறேன், போட்டோ கொப்பி, டைப்பிங், போர்ம் நிரப்புறது எல்லாம் பண்றதால பேங்க் லெட்டர வாசிச்சு சொல்லச் சொல்லி தோட்டத்து ஆளுங்க நெறைய பேர் வருவாங்க. நம்ம பக்கம் தபால் எப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும், நெறைய லயத்துக்கு இன்னும் தனி அட்ரஸ் கிடையாது, ஒபீஸுக்கு மொத்தமா வந்து அங்கேர்ந்து யார் கையிலயோ குடுத்து விட்டு, அது கடையில ரெண்டு நாள் கெடந்து பொறவுதான் வீட்டுக்கு வரும். ஒரு அம்மா ஷொப்பிங் பேக்ல கட்டு கட்டா கவர் கொண்டு வந்தாங்க, ஒண்ணையும் பிரிக்கல்ல, மகன் வந்து பார்க்கட்டும்னு சாமி படத்துக்கு பின்னால வச்சிருந்திருக்காங்க, மகன் கட்டார்ல. திகதி பார்த்து வரிசையா அடுக்கினேன். முதல்ல ஸ்டேட்மெண்ட், பொறவு நினைவூட்டல், பொறவு லோயர் அனுப்பின கோரிக்கைக் கடிதம், எல்லாம் இங்கிலீஷ்ல. கடைசியா இருந்தது கோர்ட் முத்திரையோட சிங்களத்துல, அதுல போட்டிருந்த கோர்ட் தவணை நாள் எப்பவோ போயிட்டு. மகனுக்கு வழக்கு இருக்கிறதே தெரியாது. அந்த அம்மா "புள்ளைய ஜெயில்ல போடுவாங்களா"ன்னு திரும்ப திரும்ப கேட்டது எனக்கு இன்னும் மறக்கல்ல, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அந்த கோர்ட் தவணை ஏன் முக்கியம்னு சொல்றேன். பேங்க்காரங்க பாவிக்கிற 1990ம் வருஷத்து 2ம் இலக்க கடன் அறவிடல் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல போனா சாதாரண வழக்கு மாதிரி இழுபடாது, மாவட்ட நீதிமன்றம் முதல்லயே உங்களுக்கு எதிரா ஒரு தற்காலிக தீர்ப்ப போட்டுட்டுதான் உங்களுக்கு அறிவிக்கும். குறிச்ச நாள்ல வந்து, எதிர்வாதம் பண்ண காரணம் இருக்குன்னு காட்டி கோர்ட்கிட்ட அனுமதி எடுக்கணும், வரல்லன்னா அதுவே நிரந்தரமாயிடும். ஒருக்கா டிக்ரி, அதாவது கோர்ட்டோட தீர்ப்பாணை, வந்தா 10 வருஷத்துக்குள்ள அத வச்சு உங்க சொத்து மேல கை வைக்கலாம். "6 வருஷம் போனா கடன் தானா அழிஞ்சிரும்"னு சொல்ற ஆளுங்க இதத்தான் சொல்ல மாட்டாங்க. எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்கு போட 6 வருஷ கால எல்லை இருக்கிறது உண்மைதான், ஆனா அதுக்குள்ள பேங்க் வழக்கு போட்டுட்டா முடிஞ்சுது, நடுவுல நீங்க கொஞ்சம் காசு கட்டினாலோ கடன ஒத்துக்கிட்டு எழுதி குடுத்தாலோ அந்த கணக்கும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

அம்மாவுக்கு வருவோம். அவங்க கையெழுத்து போடாத கடனுக்கு அவங்க பொறுப்பில்ல, இத அவங்களுக்கு நல்லா வெளங்குற மாதிரி சொல்லி வச்சுட்டு போங்க, ஏன்னா கோல் எடுக்கிறவங்க "மகன் கட்டல்லன்னா வீட்டு சாமான தூக்குவோம்"னு கூட சொல்வாங்க, அவங்க பயந்து போய் தோட அடகு வச்சு கட்டிடுவாங்க. அம்மாவும் நீங்களும் சேர்ந்து ஜொயின்ட் எக்கவுண்ட் அதே பேங்க்ல இருந்தா மட்டும் கவனம், உங்க பாக்கிக்கு பேங்க் அதுல கழிக்கப் பார்க்கலாம், அதனால வீட்டு செலவுக்கு அனுப்புற காச அம்மா பேர்லயே வேற பேங்க்ல போடுங்க. கார்ட் தவிர லீசிங், லோன் ஏதாவது இருந்து அதுக்கு யாராவது பிணை வச்சிருந்தா அந்த மனுஷன்கிட்ட நேர்ல போய் சொல்லுங்க, பிணை வச்சவர்கிட்ட நிச்சயமா போவாங்க.

இப்ப செய்ய வேண்டியது. பிளேன் ஏற முன்னுக்கு பேங்குக்கு நீங்களே எழுதுங்க, கோல்ல பேசினது கணக்குல வராது. கார்ட கேன்சல் பண்ணுங்க, நிக்கிற பாக்கிய மாசத் தவணையா கட்டுற கடனா மாத்தி தாங்க, லேட் பீஸ கழிச்சு தாங்க, நான் இன்ன திகதியில வெளிநாடு போறேன், இன்ன மாசத்துலேர்ந்து இவ்வளவு கட்டுவேன்னு எழுதுங்க. வேலை ஒப்பந்தத்தோட கொப்பிய சேர்த்து குடுத்தா இன்னும் நல்லம், வருமானம் வரப்போற ஆள்னு அவங்களுக்கு தெரியும். ரெண்டு மாசம்தான் ஆகுதுன்றீங்க, 90 நாள் தாண்டினா கணக்கு செயலிழந்த கடன்ல போயிடும், பொறவு வேற பிரிவுக்கு மாத்தி லோயர்கிட்ட குடுப்பாங்க, அதுக்கு முன்னால பேசுறது லேசு.

கட்டாம விட்டா எவ்வளவு ஏறும்னும் பாருங்க. வருஷத்துக்கு 28 வீதம்னு வச்சா மூணு லட்சத்துக்கு மாசம் 7000 ரூபா வட்டி, லேட் பீஸ் இதுல சேரல்ல. 2024 செப்டம்பர்ல 1350 ரூபான்னு ஆக்கின தோட்ட நாட்சம்பளத்துல அது அஞ்சு நாள் உழைப்புக்கு மேல, அதுவும் வாங்கின முதல்ல ஒரு சதம் கூட கொறையாம. மறுபக்கம், உங்க கடன் ரூபால இருக்கு, சம்பளம் திர்ஹத்துல வரப்போகுது, ஒரு திர்ஹம் 80 ரூபான்னு போட்டா மொத்த கடனே 3750 திர்ஹம்தான். இங்க இருந்து கட்ட முடியாதத அங்க போய் ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கலாம், இவ்வளவு சின்ன தொகைக்கு ஒளிஞ்சு போறது எனக்கு மனசுக்கு சரியாவே படல்ல. ஏஜென்சி காசுக்கும் டிக்கெட்டுக்கும் அதே கார்ட்ல பணமா எடுக்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க, அதுக்கு எடுத்த நாள்லேர்ந்தே வட்டி ஓடும், எடுக்கிற பீஸும் தனி.

சிம் விஷயத்த யாரும் யோசிக்கிறதில்ல. ஓடிபி, பேங்க் மெசேஜ் எல்லாம் இலங்கை நம்பருக்குதான் வரும், அது கட்டாயிட்டா உங்க எக்கவுண்டுக்குள்ளயே உங்களால போக முடியாது. ரோமிங் போட்டு சிம்ம உயிரோட வச்சுக்கோங்க, ஸ்டேட்மெண்ட இமெயிலுக்கு மாத்துங்க. தபால் அட்ரஸுக்கு தோட்டத்த விட்டுட்டு, படிச்ச தங்கச்சியோ மாமாவோ டவுன்ல இருந்தா அவங்க அட்ரஸ குடுங்க, கவர் வந்த அன்னைக்கே பிரிச்சு போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. உங்களுக்காக பேங்க்ல பேச ஒருத்தருக்கு அதிகாரக் கடிதம் குடுத்துட்டு போகலாம், வழக்கு வரைக்கும் போற மாதிரி இருந்தா நொத்தாரிஸ்கிட்ட அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அற்றோணி) எழுதிட்டு போங்க.

பேங்க் லெட்டருக்கு பதிலே தரல்லன்னா, இல்லாட்டி வீட்ட மிரட்டினாங்கன்னா, மத்திய வங்கியோட நிதி நுகர்வோர் பிரிவு 1935க்கு எடுங்க, தமிழ்ல பேசணும்னு கேளுங்க. முதல்ல பேங்குக்கு எழுத்துல முறைப்பாடு பண்ணியிருக்கணும், அந்த கொப்பிய வச்சுக்கோங்க.

டுபாய் போய் அங்க கார்ட் தாறாங்கன்னு எடுத்து அத கட்டாம விட்டா அது இங்க மாதிரி இல்ல, அங்க கடன் வழக்குல பயணத் தடையே போடுவாங்க, ஊருக்கு வர முடியாம நின்னுடுவீங்க.

கடைசி தவணை கட்டினதும் பாக்கி எதுவும் இல்லன்னு பேங்க்கிட்ட கடிதம் எடுங்க, கொஞ்ச நாள் விட்டு உங்க கிரிப் (கடன் தகவல் பணியகம்) ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க. கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியல்ல போடுறதில்ல, பேங்க் குடுக்கிற விபரத்த அப்படியே வச்சிருக்கும், அதனால கட்டி முடிச்ச கடன் இன்னும் பாக்கின்னு காட்டினா அந்த கடிதத்த காட்டி பேங்க்கிட்டதான் திருத்தச் சொல்லணும். நாளைக்கு நீங்க வந்து வீடு கட்ட லோன் கேக்கும்போது எல்லா பேங்கும் பார்க்கிறது அந்த ரிப்போர்ட்டதான்.